கூடைக்கு நாலு கரண்டி

பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகத் தோல் வெட்டுகிறேன். இதுவரை நான் எழுதியதெல்லாம் வெட்டிய கட்டுகளின் மேல் சைஸ் நம்பர் மட்டுமே. நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிறவன் ஒரு கூடையைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியும் அதே கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவள். கழுத்து வலி தாங்காமல் போன வருஷம் நின்றுவிட்டாள். அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நாட்றம்பள்ளியிலிருந்து வரும் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, ரவையாக உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிப்பாள். சர்க்கரை போடாமலே அந்தக் கஞ்சி இனிக்கும். எங்கள் கேண்டீன்காரர் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஒரு பாய்லர் நிறைய கொண்டாம்மா. ஆளுங்களுக்குப் புடிச்சா தினமும் எடுத்துக்கிறேன்" என்றார்.

அதற்காகக் கரண்ட் பாய்லர் ஒன்று வாங்கினோம். சனிக்கிழமை போட்டுப் பார்த்தாள். ரவை அடியில் இருந்த சூடேற்றும் கம்பிச் சுருளின், அந்தக் காயிலின், மேல் படிந்து தீய்ந்துபோனது. பாய்லர் முழுக்கக் கருகல் வாசனை. அவள் புளி போட்டுக் காயிலைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "மறுபடி மெஷினுக்கே போய்க் கேக்கட்டுமாங்க?" என்றாள். அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு. எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு காலை கடைவீதிக்குப் போய், பிரியாணிக்கு அரிசி வடிக்கும் ஓட்டைக் கூடை ஒன்று வாங்கிவந்தேன். எவர்சில்வர். பாய்லருக்குள் சரியாக இறங்கியது. ஆனால் காயிலைத் தொடாமல் இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் கதவு இடித்தாலும் கட்டில் ஆடினாலும் ஒரு துண்டுத் தோலை வைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் நாலு வார் வெட்டி, கூடையைப் பாய்லர் விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன்.

"இன்னாங்க இது, கஞ்சிப் பானைக்குத் தோல் வாரா?"

"மேலதாம்மா இருக்கும். தண்ணில படாது."

"குரோம் தோலா இருந்தா வேணாம். மருந்து எறங்கும்."

"குரோம் இல்ல. வேலம்பட்டையில பதம் போட்டது."

"பட்டைன்னா சரி."

முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டோம். ஆவி வந்தது. கூடை மெல்ல மேலே ஏறியது. அதுவும் ஒரு பக்கமாக. வார் நாலும் சுருண்டு, ஒன்று கட்டைவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது.

தோல் தொழிற்சாலையில் குரோம் தோலைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் பாஸ். பட்டைத் தோல் கொதிநீரில் நிற்காது என்பது எங்களூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாய்ல் டெஸ்ட்ல உங்க தோல் ஃபெயில்ங்க! இருபத்தாறு வருஷமா அங்க இன்னா வெட்டினீங்க, வாழைப்பழமா?"

"பட்டைன்னா சரின்னு சொன்னது யாராம்?"

சனிக்கிழமையிலிருந்து சிரிக்காதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு உள்ளே போய், சுவரில் தொங்கிய நாலு நீளக் கரண்டிகளையும் எடுத்துவந்தாள். காம்பின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். கல்யாணச் சீராக வந்தவை, காம்பில் அவள் பேர் வெட்டியிருக்கும்.

"உங்கப்பா குடுத்ததாச்சேம்மா."

"தொங்கத்தானே குடுத்தாரு. சுவத்துல தொங்கினா இன்னா, பானையில தொங்கினா இன்னா? பட்டறையில காம்பைக் கூடையோட பத்தவச்சு எடுத்துட்டு வாங்க."

பக்கத்துத் தெரு கிரில் பட்டறையில் கரண்டிகளின் தலையை வெட்டிவிட்டு, காம்புகளைக் கூடையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் கூடைக்குள் வெள்ளைத் துணி விரித்து ரவையைப் போட்டாள். கூடை அசையவில்லை. விளிம்பைச் சுற்றி நாலு இடத்தில் அவள் பேர் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கூடையைத் தூக்கி வடியவிட்டு, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கருகல் இல்லை. இனித்தது. சொல்ல வெட்கமாக இருந்ததால் டம்ளரைத் திரும்ப நீட்டினேன்.

"இன்னொண்ணா? அப்ப நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் பதினோரு மணி இடைவேளையில் கேண்டீனில் பாய்லர் காலியானது. செவ்வாய்க்கும் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டில் கரண்டி இல்லாததால் அன்று குழம்பை டம்ளரால் ஊற்றிக்கொண்டோம்.