இன்னொரு கரண்டி

கூடாரம் அடித்து முடிப்பதற்குள் அத்தானும் மச்சினனும் பேசிக்கொண்டது மொத்தம் மூன்றே சொல். இழு, விடு, போதும். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய ஆள்காட்டி விரல் அந்த மூன்றையும் தொடையின் மேல் எழுதி முடித்துவிட்டு, அடுத்த பேச்சுக்காகக் காத்திருந்தது.

அதை அவள் வேண்டுமென்று செய்வதில்லை. பாராளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பது அவள் வேலை. எவர் வாயைத் திறந்தாலும் அந்த விரல் தானாக ஓட ஆரம்பித்துவிடும். பல் டாக்டர் திட்டினால் எழுதும், பேருந்தில் யாரோ யாரையோ கொஞ்சினால் அதையும் எழுதும். தெருவில் அவளுக்குச் சுருக்கெழுத்தம்மா என்று பெயர். "அந்தம்மா முன்னாடி எதுவும் பேசிடாதீங்க, அச்சுல வந்துடும்" என்று கேலி வேறு.

வேலை என்னவோ பெரிய இடத்தில்தான். ஆனால் அங்கே ஒருத்தர் முழுப் பேச்சையும் எழுதுவது கிடையாது. சில நிமிடம் எழுதியதும் அடுத்தவர் பக்கத்தில் வந்து உட்காருவார். இவள் எழுந்து உள்ளறைக்குப் போய் எழுதியதைத் தட்டச்சு செய்யவேண்டும். ஆக, நாட்டு அரசியலை இத்தனை காலமும் அவள் கேட்டது துண்டு துண்டாகத்தான். ஒரு மந்திரி சபதம் செய்வதை எழுதியிருப்பாள். எதற்குச் சபதம் என்பது முந்தைய ஆளின் துண்டில் போயிருக்கும். ஆட்சி மாறும்போது இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் அந்தப் பக்கம் போவார்கள், பேச்சு மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். 'கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போனது முந்தைய அரசு.' அந்த வாக்கியத்துக்கென்றே அவள் ஒரு சின்னக் கோடு வைத்திருந்தாள். 'ஏழை எளிய மக்கள்' என்பதற்கு அதைவிடச் சின்னக் கோடு. அடிக்கடி தேவைப்படுவதற்குத்தானே சின்னதாக வைக்க முடியும்.

கோடை வந்து அவைக் கூட்டம் முடிந்ததும் வருஷா வருஷம் இந்த நீர்த்தேக்கத்தின் கரைக்கு வந்துவிடுவார்கள். அவள், அவள் கணவர், அவள் தம்பி. வாடகைக்கு ஒரு துண்டு நிலம், ஒரு குழாய், நாலு மரம், தள்ளி ஒரு பெட்டிக்கடை. போன் எடுக்காது. எடுக்க வேண்டுமென்றால் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். அவளுக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்ததே அதுதான். யாரும் எதையும் "மாண்புமிகு" என்று ஆரம்பிக்காத இடம்.

போன வருஷம் அதையும் கெடுத்துக்கொண்டார்கள்.

கணவர் அரசுக் காகித ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஆலையை மூடும் மசோதா வந்த மத்தியானம், ஓட்டெடுப்பு சரியாக அவள் முறையில் வந்து மாட்டியது. அவையில் பாதி நாற்காலி காலி. இருந்தவர்களில் ஒருவர் நல்ல தூக்கம். சிரிப்பு, குறுக்கீடு, கூச்சல் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் போட வழியுண்டு. தூக்கத்தைப் போட வழியில்லை. "ஆம் என்போர் அதிகம்" என்று அவைத்தலைவர் சொன்னதை அவள் எழுதினாள். கை நடுங்கவில்லை. நடுங்கினால் திருப்பிப் படிக்க வராது. வீட்டுக்குப் போய் அவரிடம் தானே சொன்னாள். அவர் வேலைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "காலையில ஷிஃப்ட்டுக்குப் போகணுமா, வேணாமா, அத கேட்டுக்கிட்டு வரலியா?" என்றார்.

அதன்பிறகு அவர்தான் வீட்டில் சமையல். பாய்லர் பார்த்த ஆள், அடுப்பின் சூட்டை முகத்தாலேயே சொல்லிவிடுவார். சாப்பாடும் அப்படி. முதல் தட்டு பசிக்கு, இரண்டாவது தட்டு ருசிக்கு என்பார்.

தம்பி துறைமுகத்தில் கிரேன் பிரிவு மேற்பார்வையாளன். ஆளும் கட்சி என்றால் உயிர். தேர்தல் சமயத்தில் லீவு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற ரகம். போன கோடையில் இதே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நஷ்டத்தில் ஓடியதையெல்லாம் மூடியதால்தான் நாடு உருப்படுகிறது என்று ஆரம்பித்தான். ஆலை நஷ்டத்தில் ஓடவில்லை, ஓட்டினார்கள் என்றார் கணவர். வார்த்தை தடித்தது. "ஒழுங்கா வேலை பாத்திருந்தா ஏன் அத்தான் மூடப்போறாங்க? இப்ப பாருங்க, அக்கா சம்பளத்துல தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். நிறுத்தி என்ன பயன், சொல்லியாகிவிட்டது. அவள் விரல்கூட அதை எழுதி முடித்துவிட்டது.

கணவர் அடுப்பைக் குறைத்தார், எல்லாருக்கும் பரிமாறினார். மறுநாள் தம்பி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அவர் இரண்டாவது தட்டு வாங்குவதில்லை. அவளுக்கே இது பிடிபடக் கொஞ்ச நாளானது. கரண்டியோடு போனால் தட்டின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டு "போதும்" என்பார். ஏன் என்று கேட்டால், "வயசாகுதுல்ல, வயிறு லேசா இருந்தா நல்லதுதானே" என்பார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். மாதக்கணக்கில் ஒரு ஆள் தன் வீட்டில் விருந்தாளி மாதிரி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. சண்டை போட்டிருந்தால் தேவலை. அவர் சண்டையும் போடவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் அவளே தம்பிக்குப் போன் செய்து வரச்சொன்னாள். அவன் தன் வாயால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் பழையபடி தட்டை நீட்ட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். நாட்டை யார் ஆண்டாலும் சரி என்கிற அளவுக்கு அலுத்துப்போயிருந்தாள்.

"அத்தான் என்ன சொல்றாரு?" என்று தம்பி போனில் கேட்டான்.

"வரட்டுமேன்றாரு. உன்கிட்டதான் பெரிய கூடாரம் இருக்காம்."

அரசியல் பேசக்கூடாது, பேசினவர் பாத்திரம் கழுவவேண்டும் என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். பேசாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வெயில் அதிகம் என்று தம்பி ஆரம்பித்தால், மரங்களை யார் வெட்டினார்கள் என்பதில் போய் முட்டும். சாலையில் குழி என்றால் தீர்ந்தது. பேச மிஞ்சியது முதுகு வலி, கொசு, தூண்டிலில் விழாத மீன். முதல் நாளே தம்பி தக்காளி விலையைச் சொல்லிவிட்டுத் தானே எழுந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். கணவர் லேசாகச் சிரித்தார். சாப்பிடும்போது மட்டும் அந்தக் கை அதே மாதிரி தட்டை மூடியது. தம்பி கவனிக்கவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானங்களில் ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு மரத்தடியில் படுத்துக் கிடந்தார்கள். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் எதையும் பேசாததால் விரல் சும்மா இருக்கும். அவையில் யாராவது தரக்குறைவாகப் பேசினால், அவைத்தலைவர் அந்தச் சொற்களைக் குறிப்பிலிருந்து நீக்கச்சொல்லி உத்தரவிடுவார். நீக்கிவிட்டு அந்த இடத்தில் மூன்று நட்சத்திரம் போடுவார்கள். இத்தனை வருஷத்தில் எழுதிக் குவித்ததில் அவளுக்கு இன்று என்ன ஞாபகமிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். திட்டமா, பட்ஜெட்டா, ஒரு மண்ணும் இல்லை. நீக்கிய சொற்கள் மட்டும் ஒன்று விடாமல் ஞாபகமிருந்தன. யார் சொன்னது, யாரைப் பார்த்து, கேட்டவர் முகம் எப்படிப் போனது என்பது உட்பட.

கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி வழக்கம்போல் மேட்டுக்குப் போனான். போன் பேசிவிட்டு அரை மணியில் வந்துவிடுகிறவன், சோறு இறக்கும் நேரமாகியும் வரவில்லை. அவள் எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தபோது இறங்கி வந்தான். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ஓட்டு எண்ணி முடித்ததும் தோற்ற பக்கத்தில் நிறைய முகங்களை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

"என்னடா?"

அவன் அத்தானைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். "கிரேன் பிரிவ மொத்தமா தனியாருக்குக் குடுத்துட்டாங்களாம். கூட வேலை பாக்கறவன் சொன்னான். எங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பறாங்க. நல்ல முடிவுன்னு மந்திரி பேட்டி வேற குடுத்திருக்காராம். ஒழுங்கா வேலை செய்யாத எடத்த..."

அவளுக்குப் பயமாக இருந்தது. தம்பிக்காகக் கொஞ்சம், கணவர் வாயிலிருந்து வரப்போவதற்காகக் கொஞ்சம். பாராளுமன்றத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் கையில் வந்து விழுந்தால் எவரும் விடமாட்டார்கள், மேஜையைத் தட்டுவார்கள். ஒரே ஒரு சொல் போதும். அதுவும் புதிதாகத் தேட வேண்டியதில்லை, அவனே கொடுத்துவிட்டுப் போனதுதான். திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் தம்பி பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்.

கணவர் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். சோறு, பருப்பு, காய்கறி எல்லாம் ஒன்றாக வெந்திருந்தது. ஒரு தட்டில் நிறைய வைத்து நீட்டினார்.

"மொதல்ல உக்காரு மாப்ள. காலையிலயும் நீ சரியா சாப்புடல."

"பசிக்கல அத்தான்."

"பசிக்கும். எனக்குத் தெரியாததா? வாங்கு."

தம்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். தட்டு மடியில் இருந்தது, கை அதில் போகவில்லை. பிறகு, "அத்தான், போன வருஷம் நான் ஒண்ணு சொன்னேன்" என்றான். "சொல்லியிருக்கக் கூடாது. புத்திகெட்டுப் போய்ச் சொல்லிட்டேன். அக்கா, உங்க அவையில நீக்குவீங்கல்ல, அந்த மாதிரி நீக்கிடேன்."

அவள் கணவரைப் பார்த்தாள்.

"எத சொல்ற நீ?" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. ஆறுது பாரு, சாப்புடு."

சுத்தப் பொய். இருந்தாலும் எவ்வளவு நல்ல பொய். அவளுக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ள அடுப்பு பக்கத்திலேயே இருந்தது. தம்பி பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். பசி இல்லையென்றவன் தட்டை வழித்துவிட்டான். கணவரும் அவளும் சாப்பிட்டார்கள். மந்திரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தம்பி அரசியல் பேசிவிட்டானே, பாத்திரம் அவன்தானே கழுவவேண்டும் என்று அவர் கிண்டல்கூடச் செய்யவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் நினைத்தாள். ஒரு வருஷச் சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

தம்பி எழுந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, கரண்டி நிறையச் சோறு எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனான். "நீங்க சரியாவே சாப்புடல. இன்னும் கொஞ்சம்."

அவர் கை தட்டின் மேல் விரிந்தது. "போதும்."

அவர் அதை யோசித்துச் செய்யவில்லை. அவள் விரல் தொடையில் ஓடுவது மாதிரிதான், அந்தக் கையும் தானாக வந்து மூடியது. தம்பி சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் கரண்டியை நீட்டினான். கை நகரவில்லை. தம்பி அந்தக் கையைப் பார்த்தான், இடுப்பில் சுருங்கிப்போயிருந்த பெல்ட்டைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. கரண்டியைத் திரும்ப எடுக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

அவையில் எழுதுகிறவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. கூரையே இடிந்து விழுந்தாலும் விழுகிற சத்தத்தை எழுதவேண்டுமே தவிர, கத்தக்கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, மறுத்து ஒன்றும் சொல்லாமல், கரண்டியோடு திரும்பிப் போனவள் அவள்தான்.

"ஏங்க, கைய எடுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் போதும்."

"உங்களுக்கு எது போதும்னு எனக்குத் தெரியும். ஒரு வருஷமா அரை வயித்துல எழுந்து போறீங்க. உங்க வீடு, நீங்க ஆக்கின சோறு. கைய எடுங்க."

அவர் அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. வெகுதூரம் நடந்து வந்த ஆளின் களைப்புதான் இருந்தது. தம்பி நீட்டியிருந்த கரண்டியிலிருந்து இரண்டு பருக்கை புல்லில் விழுந்தது. கரண்டிச் சோறு நன்றாக ஆறிப்போன பிறகுதான் அவர் கையை எடுத்தார்.