அரை அங்குல மூடி

இது நடந்தது. 1973 மே மாதம், சாந்தோமில், என் வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நடந்தது. பேய் என்றால் அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்பவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். அக்கினி நட்சத்திர வெயிலில். சரியாகப் பிற்பகல் மூன்று இருபதுக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எனக்குப் பயமில்லை. கோபம்தான் வருகிறது. ஆறு வருடமாகியும் அது ஆறவில்லை.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். தொழிற்பள்ளி ஒன்றில் மரவேலை வாத்தியார். ஓய்வு நேரத்தில் கப்பல் மாடல் செய்வேன். கை சுத்தம், வாய் சுத்தமில்லை என்று என் மனைவி லூயிசா சொல்வாள். சரிதான். ஓர் இழைப்பு கோணலாகப் போனாலும் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும்.

அந்த வருடம் ஒரு கப்பல் மராமத்துக் கம்பெனி என்னிடம் ஒரு போர்க்கப்பல் மாடல் கேட்டது. அவர்கள் பழுதுபார்த்துக் கொடுத்த கப்பல். அதன் மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆபீஸ் வாசலில் நிறுத்த வேண்டுமாம். கப்பலின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதே பெயரில் இப்போது வேறு கப்பல் ஓடுகிறது. கேட்டு வந்தவர் கம்பெனி மேனேஜர் ராஜநாயகம். எங்கள் சர்ச் பங்குக்காரர்தான். ஞாயிறு பூசையில் முதல் வரிசை. டிராயிங் சுருளை மேஜையில் விரித்து, "இதுல இருக்கிறபடி இருக்கணும் மாஸ்டர்" என்றார்.

அதை என்னிடம் சொல்லவே வேண்டாம். டிராயிங்கில் இல்லாத ஆணி என் கப்பலில் இருக்காது. இருக்கிற ஆணி விட்டுப்போகாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

நாற்பத்தெட்டில் ஒன்று அளவு. ஆறேகால் அடி நீளம். தேக்குப் பலகைகளை அடுக்கி வஜ்ரம் போட்டு ஒட்டி, உள்ளே பூசணிக்காய் மாதிரி குடைந்தெடுத்து, மேலே தளம் அறைந்து மூடினேன். கைப்பிடிக் கம்பிக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பித்தளைக் குத்துக்கால்கள். ஒவ்வொன்றும் குண்டூசி உயரம். நங்கூரச் சங்கிலிக்கு லூயிசாவின் அறுந்துபோன ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். அவள் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

புகைபோக்கிக்குப் பின்னால் டிராயிங்கில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதற்கு நேர் கீழே பாய்லர் அறை. அங்கே ஆபத்து என்றால் ஆட்கள் ஏணியில் ஏறி, அதைத் தள்ளித் திறந்து மேல்தளத்துக்கு வந்துவிடலாம். அதைப் பித்தளைத் தகட்டில் அரை அங்குல அகலத்துக்கு வெட்டி, கீல் வைத்து, நிஜமாகவே திறந்து மூடும்படி செய்தேன். அடிப்பக்கத்தைக் கூடக் கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்டேன். டிராயிங்கில் இருந்தபடியே அதைத் திறந்து நிறுத்திவைத்தேன்.

மே 8, செவ்வாய்க்கிழமை. லூயிசா ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். லூயிசா அப்போது இராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தப் பெண் ஜானு, அதே வார்டில் ஆயா. வார்டில் லூயிசா பேச்சுவாக்கில் என் கப்பலின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஜானுவின் கையிலிருந்த வாளி கீழே விழுந்துவிட்டதாம்.

"இவ வீட்டுக்காரர் அந்தக் கப்பல்லதாங்க இருந்தாரு. பொன்னுரங்கம்னு பேரு. பாய்லர் ரூம் ஆளு. நாலு வருஷம் முந்தி மராமத்து முடிஞ்சு வெள்ளோட்டம் விட்டப்போ, தீப்பிடிச்சு..." லூயிசா அத்துடன் நிறுத்திக்கொண்டாள்.

ஜானு கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எதையும் தொடவில்லை.

"பாய்லர் ரூமு எங்க கீது சார்?"

காட்டினேன்.

"இது இன்னா, தொறந்து கீது?"

"அவசர மூடிம்மா. உள்ளே தீப்பிடிச்சா இது வழியா மேலே வந்துடலாம்."

அவள் வெகுநேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவரு வந்திருக்கலாம்?"

நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் டிராயிங், என் அளவு, என் திமிர்.

"வந்திருக்கலாம்" என்றேன்.

"எல்லாரும் இதத்தான் சார் சொல்றாங்கோ. குடிச்சிட்டுத் தூங்கிக்கினு இருந்தாரு, அதான் வரலன்னு எயுதிட்டாங்கோ. எங்க தெருவே சொல்து. எம்புள்ளையாண்ட சொல்லிச் சிரிக்கிறானுங்கோ. அவரு அத்தத் தொட்டதே இல்ல சார். நீயாவது வேற மாரி சொல்வேன்னு வந்தேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள், புதன்கிழமை. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். கொட்டகையில் 'டக்' என்று ஒரு சத்தம். சுவர்க்கடிகாரம் மூன்று இருபது. எழுந்து போய்ப் பார்த்தேன். மூடி சாத்தியிருந்தது.

காற்று என்று நினைத்தேன். ஆனால் காற்றே இல்லை. கொட்டகை மூலையில் சிலந்திக்கூடு கூட அசையவில்லை. மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து வைத்தேன்.

வியாழக்கிழமை. அதே மூன்று இருபது. அதே 'டக்'. இந்தத் தடவை கத்தி உள்ளே நுழையவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

மூடியைச் சுற்றி முடி கனத்துக்கு ஈயப் பற்று. யாரோ பற்றவைத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. லூயிசாவைத் திட்டினேன். பக்கத்து வீட்டைத் திட்டினேன். ஈயம் பற்றவைக்கும் கருவி பூட்டிய டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. சாவி என் சட்டைப் பையில். பெட்டியைத் திறந்து கருவியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

பற்றைச் சுரண்டி எடுத்து மூடியைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆனது. சுற்றிலும் சாம்பல் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. எவனோ என்னிடம் விளையாடுகிறான்... நாளை அவன் கையை ஒடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை. இரண்டே முக்காலுக்கே கொட்டகைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலையும் சாத்தினேன். கப்பலுக்கு முன்னால் முக்காலி போட்டு, கையில் கொட்டாப்புளி மரச்சுத்தியலோடு உட்கார்ந்தேன்.

மூன்று மணி. தெருவில் ஒரு ரிக்‌ஷா மணி. பிறகு ஒன்றுமில்லை.

மூன்று பத்து. வியர்வை சொட்டியது.

மூன்று பதினெட்டு. ஒரு வாடை. எண்ணெய் எரிகிற வாடை. எங்கள் வீட்டு அடுப்பு வாடை இல்லை. கனமான, கரிய எண்ணெய்.

மூன்று இருபது.

மூடி தானாக எழுந்து... சாய்ந்து... 'டக்'.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் உண்மை.

மூடியின் ஓரத்தில் ஒரு புள்ளி பளபளத்தது. அது நகர்ந்தது. மெதுவாக, ஓரத்தைப் பிடித்துக்கொண்டே, சுற்றி வந்தது. அது போன வழியெல்லாம் ஈயம். தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்து... அணைந்தது.

"யார்றா அது?" என்று கத்தினேன்.

பதில் வந்தது. கப்பலுக்குள்ளிருந்து.

டக். டக். டக்.

நிறுத்தம்.

டக். டக். டக்.

உள்ளே ஒன்றும் கிடையாது. நானே குடைந்த வெற்றிடம். ஓர் எறும்பு நுழைய வழியில்லை.

டக். டக். டக்.

மூடியை விரலால் அழுத்தினேன். தோல் பொசுங்கியது. அந்தத் தழும்பு இன்றும் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

தட்டல் வேகமானது. மூன்று மூன்றாக இல்லை இப்போது. தாறுமாறாக. ஆறேகால் அடிக் கப்பல் மேஜை மேல் அதிர்ந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குத்துக்கால்களும் நடுங்கின.

நான் கத்தினால் எதிரில் இருப்பவன் அடங்கிவிடுவான். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். அன்று எதிரில் இருந்தது என்னைவிடக் கோபமாக இருந்தது.



எண்ணினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் முதல் அடியிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அறுபத்தொன்று...

நீண்ட இடைவெளி.

அறுபத்திரண்டு...

அறுபத்து மூன்று. அது மிக மெல்லியது. விரல் நகத்தால் தட்டுவது போல.

பிறகு இல்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று முப்பத்தொன்று.

அதற்குப் பிறகு நான் அந்த மூடியைத் தொடவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராஜநாயகம் வேலையைப் பார்க்க வந்தார். பீரங்கியைப் பாராட்டினார். நங்கூரச் சங்கிலியைப் பாராட்டினார். புகைபோக்கிக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து மூடியைப் பார்த்தார். சுற்றிலும் ஓடிய பற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"இதை யார் சொன்னது உங்களுக்கு?"

"எதை?"

"இல்ல... டிராயிங்ல தெறந்துதானே இருக்கு. தெறந்து வைங்க மாஸ்டர்."

"முடியாது."

"இதைத் தெறந்து வைக்கலைன்னா கம்பெனி எடுத்துக்காது."

"எடுக்க வேணாம். வெளியே போங்க."

போய்விட்டார். அந்த ஞாயிறு பூசைக்கும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தார். அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் என் காதிலிருந்து போகவே இல்லை. இதை யார் சொன்னது...

இரண்டு வருடம் காத்திருந்தேன். 1975-இல் அந்தக் கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. பம்பாயில் கப்பல் உடைக்கும் இடத்தில் என் பழைய மாணவன் ஜவஹர் இரும்பு அறுக்கும் கேஸ் கட்டராக இருந்தான். அவனுக்கு ஒரு கார்டு போட்டேன். புகைபோக்கிக்குப் பின்னால் இருக்கிற மூடியைப் பார்த்து எழுது என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் எழுதவில்லை.

பதில் வராமல் ஆளே வந்தான். சாக்குத்துணியில் சுற்றிய ஒரு இரும்புத் தகட்டைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்து வைத்தான்.

"சார், இது மேல் பக்கமா முழுக்க வெல்டிங் வெச்சு அடைச்சிருந்தது. மேலே பெயிண்ட். கசிஞ்சிருக்கும், மராமத்துல ரப்பர் மாத்த நேரமில்லாம அடைச்சிட்டாங்க போல. யார்டுக்கு வந்த டிராயிங்ல கூடக் காட்டல. கைப்பிடி கூட அப்படியே விட்டிருந்தாங்க. பார்த்தா தெறக்கும்னுதான் தோணும்."

தகட்டைத் திருப்பினான்.

"அடிப்பக்கம் பாருங்க. ஸ்பானரால தட்டின பள்ளம். எண்ணிட்டேன் சார். அறுபத்து மூணு."

நான் அவனிடம் எண்ணச் சொல்லவே இல்லை.

அன்று சாயங்காலமே ஒரு ரிக்‌ஷாவில் தகட்டை ஏற்றிக்கொண்டு இராயப்பேட்டையில் ஜானு வீட்டுக்குப் போனேன். இரண்டு வருடம் முன்பு வாயிலிருந்து விட்ட ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

"அம்மா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. அவர் வந்திருக்க முடியாது."

ஜானு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளமாக விரலை வைத்தாள். அழவில்லை. முகம் சிவந்துகொண்டே வந்தது.

"தூங்கினவரு இப்டித் தட்டுவாரா சார்?"

உள்ளே போய் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்தாள். விசாரணை அறிக்கை. ஆங்கிலம். அவளுக்கு யாரும் அதை முழுதாகப் படித்துச் சொன்னதில்லை. நான் படித்தேன். தீப்பிடித்த நேரம், மூன்று இருபது. அணைத்த நேரம், மூன்று முப்பத்தொன்று. கடைசிப் பக்கத்தில் ஒரு சாட்சி. மேல்தளத்தில், மூடியிலிருந்து பத்தடி தள்ளி நின்றவர். 'உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை' என்று சொல்லியிருந்தார். கையெழுத்து, ராஜநாயகம்.

"எவ்ளோ நேரம் தட்டினாரு சார்?"

"பதினோரு நிமிஷம்."

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

என் விரலைக் காட்டினேன்.

தகட்டை எடுத்துக்கொண்டு ஜானு ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அது அந்தக் கப்பல் தகடுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஜவஹர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் மாற்றவில்லை. பாவிகள். காகிதத்தில் பொன்னுரங்கம் இன்றும் குடித்துவிட்டுத் தூங்குகிறார். ஆனால் அவர் தெருவில் அப்படி இல்லை. ஜானு அந்தத் தகட்டை வாசலில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி, அடிப்பக்கம் வெளியே தெரியச் சாய்த்து வைத்திருக்கிறாள். அவள் மகனிடம் யாரும் சிரிப்பதில்லை.

தகட்டை ஜானுவிடம் கொடுத்த அன்று இரவு வீட்டுக்குத் திரும்பியதும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். இரண்டு வருடமாகத் தொடாத அந்த அரை அங்குல மூடியை, ஈயத்தை அறுத்து எடுத்தேன். அந்தத் துளையை இனி எதற்காகவும் மூடுவதில்லை என்று அப்போதே தீர்மானித்தேன். இன்றுவரை திறந்தேதான் இருக்கிறது.

மூடியைத் திருப்பி விளக்கடியில் பிடித்தேன். நான் கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்ட அடிப்பக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

ஊசி முனையளவு பள்ளங்கள். எல்லாம் உள்ளேயிருந்து விழுந்தவை.

எண்ணினேன். அறுபத்து மூன்று.