நுண்ணோக்கியில் என் வடைச்சட்டி எண்ணெய்

மலேசியாவின் பாகான் டாலாமில் நானும் கணவரும் வடை விற்கிறோம். மீந்த எண்ணெயோடு புதியதைக் கலந்துதான் தினமும் பொரிப்போம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் என் நாத்தனார் விமலா, சோதித்துப் பார்க்க அதில் கொஞ்சம் வாங்கிப் போனாள். மறுவாரம் என்னை அங்கே அழைத்துப்போய் நுண்ணோக்கியைக் காட்டினாள்.

"அண்ணி, இது புது எண்ணெய் கலந்த மனுஷ செல்லு. அது உங்க எண்ணெய் கலந்தது. நீங்களே பாருங்க லா!"

முதலாவதில் உயிரணுக்கள் நெருக்கமாகப் பரவியிருந்தன. இரண்டாவதில் பல சுருங்கி, உடைந்து மிதந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! மனித உயிரணுவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவும் என் எண்ணெயில் சாவதை!

வீட்டுக்கு ஓடிவந்து பழைய எண்ணெயைக் கொட்டப்போனேன்.

"பைத்தியமா? பாதி டின் இருக்கு!" என்று கணவர் கத்தினார்.

"நம்ம பிள்ளைங்களும் இதைத்தானே சாப்பிடுது?" என்றேன். அவரே டின்னைத் தூக்கிப்போய்க் கொட்டினார்.

இப்போது சின்னச் சட்டியில் அளவாக ஊற்றுகிறேன். மீந்ததை மறுநாள் தொடுவதில்லை. புது எண்ணெயில் வடை அவ்வளவாகச் சிவப்பதில்லை. "என்னக்கா, வடை வெளுத்திருக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் பார்த்ததைச் சொல்வேன். கேட்டு முடித்ததும் இன்னும் இரண்டு வடை வாங்கிக்கொள்கிறார்கள்!