பட்டாணிப் பாத்திக்குப் போட்ட நெட்

எங்கள் மண்ணில் பட்டாணி விளையாது என்று ஊரே சொன்னது. பூதலூர்ப் பக்கம் நெல் போடுவார்கள், அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிப்பார்கள். பட்டாணிக்கு மலையும் குளிரும் வேண்டும். கொடைக்கானல் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு டிரங்குப் பெட்டியோடும் கைக்குட்டையில் முடிந்த பட்டாணி விதையோடும் ஓர் ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு வயது எனக்கு. அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கக் கிடைத்ததே போதும் என்று இருந்தேன்.

"அறுப்பு முடியட்டும், நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அப்பா சொல்வார். கார்த்திகையில் மழை விட்ட ஒருநாள் அத்தை கொல்லையில் பாய் அகலத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து விதையை ஊன்றினாள். கையைக் கழுவிக்கொண்டே, "இது காய்ச்சா நான் போகல, போங்கண்ணே" என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவாபீஸில் கையெழுத்துப் போட்ட பத்திரம் மாதிரி அதை எடுத்துக்கொண்டேன். காய்த்தால் அத்தை இங்கே, காயாவிட்டால் மலைக்கு. அவ்வளவுதானே, காய்க்க வைத்துவிட்டால் போயிற்று!

பிடிவாதத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆட்டை விரட்டினேன், கோழியை விரட்டினேன், பக்கத்து வீட்டுப் பையனைக்கூடக் காரணமில்லாமல் விரட்டினேன். கொடி குச்சியைப் பிடித்து ஏறி, தை பிறக்கும்போது வெள்ளையாகப் பூ வைத்தது. அப்பாவே வந்து பார்த்துவிட்டு "அட!" என்றார். கூடவே வந்து சேர்ந்தன, விரல்நகம் அளவுக்கு நீல நிற வண்ணத்துப்பூச்சிகள். என்ன அழகு என்று இரண்டு நாள் ரசித்துத் தொலைத்தேன். மூன்றாம் நாள் அத்தை ஒரு மொட்டைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே பச்சைப் புழு.

"உன் அழகிதாண்டி முட்டை போட்டுட்டுப் போறா. காய் வந்தா அதையும் ஓட்டை போட்டுடும்."

துண்டை வீசி விரட்டினேன். நான் பள்ளிக்கூடம் போனதும் அவை திரும்பி வந்தன. மருந்து அடிக்கலாம் என்றார் அப்பா. பச்சையாகவே வாயில் போட்டுக்கொள்கிற காய்க்கு மருந்தா என்று அத்தை ஒப்பவில்லை. வலை போட்டு மூடினால்தான் உண்டு. வீட்டில் இருந்த ஒரே கொசுவலையை எலி கடித்துக் கந்தலாக்கியிருந்தது.

சனிக்கிழமை அம்மாவும் அத்தையும் மாதா கோயிலில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வந்த நாள் மடிப்புக் கலையாமல் துணியெல்லாம் அப்படியே இருந்தது. அடியில், பாச்சை உருண்டை வாசத்தோடு, கல்யாணத்தன்று அத்தை தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நடந்து வந்த வெள்ளை வலைத்துணி, நெட். அதுதான் கல்யாணம் முடிந்துவிட்டதே, இனி இது எதற்கு? கனத்தில் கொடி சாயக்கூடாதென்று ஓரத்தில் தைத்திருந்த முத்துமணிகளைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, குச்சிகளின் மேல் விரித்துக் கட்டினேன்.

அத்தை திரும்பி வந்து கொல்லைக் கதவருகிலேயே நின்றுவிட்டாள். இன்றைக்கு முதுகு பழுத்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"புழுவப் பொறுக்காம மூடினா அதுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரிதாண்டி" என்றாள் கடைசியில். குரல் என்னவோபோல் இருந்தது. நெட்டைச் சுருட்டி, மொட்டு மொட்டாகப் புழு பொறுக்கி, மறுபடி விரித்து, ஓரமெல்லாம் மண் அணைத்தாள். அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தாள். அத்தை கையைக் காட்டி அடக்கிவிட்டாள்.

காய்க்குள் மணி திரண்ட வேளையில் மாமா, அத்தையின் கணவர், வந்து நின்றார். ஃபோன்கூடப் பண்ணவில்லை; காலை ரயிலில், ஒரு பை ஆரஞ்சோடு. "கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அத்தை இருந்த கொல்லைக்கே போனார். நான் முந்திக்கொண்டு ஓடிப் பாத்திக்கு முன்னால் கையை விரித்து நின்றேன்.

"காய்ச்சிருச்சு மாமா! அத்தை வரமாட்டாங்க, வேணும்னா அப்பாவக் கேளுங்க!"

மாமா என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் சேறு தெறித்துக் கிடந்த நெட்டைப் பார்த்தார்.

"இது கல்யாணத்து நெட்டுல்ல? நீயா போட்டே?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றாள் அவரிடம். "பூச்சி வருதுன்னு போட்டேன்."

மாமா ஆரஞ்சுப் பையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தார். அப்பா பின்னாலேயே ஓடினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

மறுநாள் ஒரு கிண்ணம் பட்டாணி உரித்தோம். புழு தொட்டது ஒன்றுகூட இல்லை. அம்மா குருமா வைத்தாள். அறுப்பு முடிந்தும் அப்பா கொண்டுபோய் விடும் பேச்சை எடுக்கவில்லை. குருமா வைத்த அன்றைக்கு அத்தை தன் தட்டில் விழுந்த பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போட்டாள். காவல் காத்ததற்குப் பரிசு என்று நினைத்து ஒன்றுவிடாமல் தின்றேன். உனக்குப் போக ஆசையா அத்தை என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் வேறு யாருக்கும்தான் தோன்றவில்லை.