காற்றில்லாத இடத்துக்காகப் பேசிய சரோஜா அக்கா

காலாண்டுத் தேர்வின் கடைசி நாள். மதுக்கரை கடைவீதியில் சரோஜா அக்காவின் வீடியோ கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சைக்கிளை நிறுத்தினேன். பக்கத்துக் கடை டெய்லர் சொன்னார்: "சரோஜா போயிட்டாங்க அம்மணி. மஞ்சக்காமாலை முத்திப்போச்சுங்க."

அன்றிலிருந்து எதைப் படித்தாலும் பாதியில் மூடிவிடுகிறேன். களைப்பாக இருக்கிறது. அக்காவிடம் கேசட் எடுத்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய கறுப்பு வெள்ளை விண்வெளிப் படங்கள் என்றால் எங்கள் இருவருக்கும் உயிர். ஆனால் ஒரு படத்தில்கூட ஒத்துப்போனதில்லை. அவருக்குப் பிடித்தது, அட்டையில் செய்த நிலா மலைகளுக்கு நடுவே ஒரு ராணி பட்டுடுத்தி நடந்துவரும் படம்.

"அங்கே மூச்சே விட முடியாதுங்க்கா" என்பேன்.

"ராணிக்கு முடியுமுங்க கண்ணு" என்பார்.

எனக்குப் பிடித்தது செவ்வாய்க்குப் போகும் கப்பல் படம். கப்பலுக்கு வெளியே வந்துவிட்டால் ஒரு சத்தமும் கேட்காது. அதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அக்கா, டிவி கெட்டுவிட்டதென்று மெக்கானிக்கையே வரவழைத்துவிட்டார். காற்றில்லாத இடத்தில் ஒலி பரவாது என்று விளக்கினேன்.

"நல்லா இருக்குதுங்க நாயம்! இத்தனை செலவு பண்ணி எடுத்துப்போட்டு, ஊமைப் படமாவா ஓட்டுவாங்க?"

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் அந்தப் படத்தைத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தேன். வீடியோ டெக்கையும் டிவியையும் அக்காவே ஆட்டோவில் கொண்டுவந்தார். படத்தில் சத்தம் நின்றதும் மாணவிகள் கூச்சலிட்டார்கள். கேசட் பழுது என்று நினைத்து டீச்சர் நிறுத்தப் போனார். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். அக்கா எழுந்து நின்றார்.

"நிறுத்தாதீங்க டீச்சர். அங்க காத்தில்லீங்க, அதனாலதான் சத்தமில்லை. புள்ளைங்களா, கொஞ்சம் சும்மா உக்காந்து பாருங்க."

கூடமே அடங்கியது.

"இப்பவாவது புடிச்சுதாங்க்கா?" என்று முடிந்ததும் கேட்டேன்.

"அட போங்க அம்மணி, கொட்டாவிதான் வந்துச்சு. நம்ம நிலா ராணி படமாட்டம் வருமுங்களா?"

அடுத்த மாதம் அக்காவின் நிலாப் படத்தைப் போடலாமா என்று டீச்சர் அங்கேயே கேட்டார். "வேண்டாம் டீச்சர், அது சிறுபிள்ளைத்தனம்" என்றேன். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவில்லை.

மன்னிப்புக் கேட்க நினைத்துப் பலமுறை கடைக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் கேசட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவரும் எப்போதும்போலச் சிரித்துத்தான் கொடுத்தார்.

அவருடைய படம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் தனக்குப் பிடிக்காத ஒரு படத்துக்காக, எனக்கு அது பிடிக்கும் என்பதற்காக மட்டும், அத்தனை பேர் நடுவில் ஒருவர் எழுந்து நின்றார். அது என்னிடம் இருக்கிறது. பதிலுக்கு அவர் படத்துக்காக நான் நிற்காததும் என்னிடம்தான் இருக்கிறது.