பூஜ்யம் போட்ட கிணறுகள்

மூடிக்கிடக்கும் பூச்சிமருந்து ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளெல்லாம் சுத்தமாகிவிட்டனவாம். யாரோ அண்ணியிடம் சொல்ல, அண்ணி அதைக் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினாள். கூடவே இன்னொன்றும்: "உன் தங்கச்சி கேன் தண்ணி வாங்குறதையே நிறுத்திட்டாளாம். குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கிறதும் கிணத்துத் தண்ணியிலதானாம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் கை வாய்வரை போய்த் தட்டுக்கே திரும்பியது. நிலத்தடி நீர் அலுவலகத்தில் அந்தக் கிணறுகளுக்குக் கணக்குப் போடுகிறவளே அவள்தான். அவள் எழுதிக் கொடுத்த வரைவில் சுத்தம் என்ற சொல்லே கிடையாது.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புள்ளியம்மா. புள்ளியியல் படித்தவள் என்பதற்காகப் பாதி, எதற்கும் முற்றுப்புள்ளி வைக்காமல் நச்சரிப்பவள் என்பதற்காக மீதி. அன்று அவள் நச்சரிக்கவில்லை. கதவைத் தட்டாமலே இயக்குநர் அறைக்குள் போனாள்.

அறிக்கை போன வாரமே போய்விட்டது என்றார் அவர். வாங்கிப் பார்த்தாள். ஆய்வகத்துப் பழைய கருவிக்குத் தண்ணீரில் ஆர்சனிக் நஞ்சு நிறைய இருந்தால்தான் தெரியும். கொஞ்சம் என்றால் 'காணப்படவில்லை' என்று அச்சடித்துவிடும். குடிக்கிறவரைக் கெடுக்க அந்தக் கொஞ்சமே போதும். அதனால்தான் அவள், அளவு தெரிந்த கிணறுகளை வைத்து, தெரியாதவற்றில் எவ்வளவு இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டிருந்தாள். மனிதர் அத்தனையையும் அடித்துவிட்டு வரிசையாகப் பூஜ்யம் போட்டிருந்தார். சராசரி சமர்த்தாக வரம்புக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது.

"காணலன்னா இல்லைன்னுதானேம்மா அர்த்தம்?"

"கண்ணாடியக் கழட்டுங்க சார். நான் எதிர்ல நிக்கிறேனா, இல்லையா?"

அவர் சிரித்து மழுப்பினார். ஊகத்தையெல்லாம் எழுதினால் ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். பூஜ்யமும் ஊகம்தான், இருப்பதிலேயே கேடுகெட்ட ஊகம் என்று அவள் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது. இன்றைக்கே திருத்தம் போகாவிட்டால் அறிக்கையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மாடிப்படியில் நின்றே தங்கையை அழைத்தாள். கிணற்றுத் தண்ணீர் என்று ஆரம்பிப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"அதான் உங்க ஆபீஸே நல்ல தண்ணின்னு சொல்லிடுச்சேக்கா. அப்பவும் நல்லாக் கொதிக்கவெச்சுத்தான் குடுக்கிறேன். இரு, பசியில கத்துறான், பாலக் கலந்து குடுத்துட்டு வரேன்."

போனை வைத்துவிட்டாள். கொதித்தால் கிருமி சாகும். ஆர்சனிக் சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். அதைச் சொல்ல விட்டால்தானே? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.