ஒத்துக்கொள்ளாத கரண்ட்

எங்கள் ஊரில் கார் வாங்குகிறவர்கள் விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வாங்குவார்கள். எந்தக் கலர் ராசிக்கு ஒத்துவரும், டெலிவரி எடுக்க எந்த நாள் தோது, எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துக்கு அடியில் முதலில் வைப்பது, எல்லாம். நானும் ஒன்றையும் விடவில்லை. ராஜபாளையத்தில் எனக்கு பேண்டேஜ் துணி நெய்கிற சின்னத் தறிக்கூடம் இருக்கிறது. டிக்கியில் எத்தனை பேல் துணி அடங்கும் என்று ஷோரூமிலேயே டேப்பை விரித்து அளந்தவன் நான். வாங்கியது எலக்ட்ரிக் கார், அதற்குச் சார்ஜ் எங்கே போடுவது என்று மட்டும் கேட்கவில்லை.

வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். எங்கள் சந்தில் கார் நுழையாது என்பது டெலிவரி எடுத்துவந்து சந்து முனையில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. சரி, வீட்டுக்குப் பின்பக்கம், அடுத்த தெருவில் வாசல் வைத்த தறிக்கூடத்தில் போடுவோம் என்று சொருகினேன். எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. தறிக்காரர்கள் வெளியே வந்து என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தென்காசி ரோட்டில், ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருந்தது. ஆனால் அது வேறு கார் கம்பெனியுடையது. அவர்கள் விற்ற காருக்கு மட்டும்தான் கரண்ட் கொடுக்கும். சார்ஜ் போடுகிற கன்னை எடுத்து என் காரில் சொருகினால் அச்சாகப் பொருந்தும். மெஷின் கொஞ்ச நேரம் யோசிக்கும். யோசித்துவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டும். பந்தியில் உட்காரவைத்து, இலையும் போட்டு, தண்ணீரும் தெளித்த பிறகு, நீங்க யார் வீட்டு ஆளு என்று கேட்டு எழுப்பிவிடுகிற மாதிரி இருக்கும். என் கம்பெனியின் ஸ்டேஷன் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பால்கோவா கடைக்கு எதிரே இருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் என் சகலையும் இருக்கிறார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், இன்னமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து யாருமில்லாத மொட்டை மாடியில் விறைப்பாக நிற்பார். நான் கார் வாங்கிய மறுமாதமே அவரும் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினார். நான் வாங்கிய கம்பெனியாக இருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய விசாரணை. அவர் வீட்டு வயரிங் அரதப் பழசு. காரைச் சொருகினால் ஃப்ரிட்ஜ் நிற்கும், ஃப்ரிட்ஜ் ஓடினால் கார் நிற்கும். அவர் கம்பெனியின் ஸ்டேஷன் எங்கே இருந்தது என்றால், ராஜபாளையத்தில், என் வீட்டுப் பக்கத்தில்.

ஆக, என் கரண்ட் அவர் ஊரில், அவர் கரண்ட் என் ஊரில். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

பேச்சு நின்றது ஒரு காதுகுத்து விசேஷத்தில். மண்டப வாசலில் இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகலை என் காரின் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, சபை கேட்கும்படி சொன்னார்:

"இதென்ன சகல, மிக்ஸிக்குச் சக்கரம் வச்ச மாதிரில்லா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க வண்டி மட்டும் என்ன, பட்டாளத்துல கொடுத்த டிரங்குப் பெட்டி கணக்கா இருக்கு" என்றேன். அவர் பட்டாளத்தை இழுக்கலாமா என்றார். நான் என் மிக்ஸியை இழுக்கலாமா என்றேன். கோபத்தில் எனக்கு வாய் நீளம். "இனி ஒங்க வீட்டு வாசப்படியில என் வீட்டுக் கால் படாது" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன். கறிச்சோறு. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அப்படிச் சொல்லிவிட்டு வந்தவன் நாலாம் நாளே அவர் ஊருக்குச் சார்ஜ் போடப் போக வேண்டியதாயிற்று. என் மனைவி சேலை மாற்றிக்கொண்டு, தூக்குச்சட்டியில் எதையோ எடுத்துக்கொண்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன். பால்கோவா கடை எதிரில் நான் கன்னைச் சொருகியதும் இறங்கி, "செத்த நேரம் நடந்துட்டு வாரேன்" என்று போனாள். ஒரு மணி நேரம் கழித்து வேறொரு தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தாள். அதற்குள் சூடான உளுந்தங்களி இருந்தது. நடந்து போகிற வழியில் உளுந்தங்களி விளையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் காரிலேயே உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் இது வழக்கமானது. புதன்கிழமைகளில் இதுவே தலைகீழாக நடக்கும். சகலை ராஜபாளையம் வந்து தென்காசி ரோட்டில் காரைச் சொருகிவிட்டு உள்ளேயே விறைப்பாக உட்கார்ந்திருப்பார். மதினி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அடுக்களையில் அக்காவும் தங்கையும் சிரிக்கிற சத்தம் தறிச்சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். போகும்போது எங்கள் வீட்டுக் கோழிக் குழம்பு அவருடைய காருக்குப் போகும். சட்டி கழுவியது போல் திரும்பி வரும் என்று மனைவி சொல்லுவாள்.

பஸ் இல்லாமல் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று போகிறது. ஆனால் பஸ்ஸில் போனால் அது அக்கா வீட்டுக்குப் போவது. காரில் போனால் அது சார்ஜ் போடப் போவது. நான் சபையில் சொன்ன சொல்லுக்கும் பங்கம் இல்லை, அவளுக்கும் அக்கா முகத்தைப் பார்த்தாயிற்று. ஏழு மாதம் இந்த ஏற்பாட்டில் வாழ்க்கை நன்றாகத்தான் ஓடியது.

பிறகு ஒருநாள் போனில் அந்தச் செய்தி வந்தது. இரண்டு கம்பெனிகளும் பேசி முடித்துவிட்டன, இனி யார் காரும் யார் ஸ்டேஷனிலும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், ஒரே ஆப் போதும். நான் குதிக்காத குறை. "இனி பன்னெண்டு கிலோமீட்டர் போக வேண்டாம், பக்கத்துலயே முடிஞ்சது வேலை!" என்று அடுக்களைக்கே போய்ச் சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப சனிக்கெழம?" என்றாள்.

"சனிக்கெழம என்ன? நிம்மதியா தூங்கலாம்" என்றேன். ஆண்டவன் சில நேரங்களில் மனுஷனுக்கு நாக்கை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்கிறான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நானே போய் தென்காசி ரோட்டில் காரைச் சொருகினேன். மெஷின் யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஏதோ பெரிய கேஸில் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். மனைவி நீலச் சேலை கட்டி, தலை வாரி, பக்கத்தில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சார்ஜ் போட்டுட்டேனே" என்றேன்.

"ம்" என்றாள். எழுந்து போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். தூக்குச்சட்டியில் அக்காவுக்குப் பிடிக்கும் என்று வைத்த கருவாட்டுக் குழம்பு இருந்தது. அதை மத்தியானம் எனக்கு ஊற்றினாள். இரவும் ஊற்றினாள். மறுநாள் காலை இட்லிக்கும் அதையே ஊற்றினாள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

"அக்காவுக்கு முட்டுவலி கூடிப்போச்சாம். பரவால்ல, போன்ல கேட்டுக்கிட்டேன்."

அந்தப் 'பரவால்ல' என்னை ஒரு வாரம் தின்றது. புதன்கிழமையும் யாரும் வரவில்லை. அடுக்களையில் சத்தமில்லை. தறிச்சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசை. ஆனால் எந்த முகத்தோடு? சார்ஜ் போட என்று சொல்ல முடியாது. அக்கா வீட்டுக்கு என்று சொன்னால், மிக்ஸி என்று சொன்னவரிடம் நான் தோற்றதாகிவிடும். ஏழு மாதம் கட்டிக்காத்த வீம்பு, அதை ஒரு கம்பெனிக்காரன் வந்து இப்படி நடுத்தெருவில் நிறுத்துவான் என்று யார் கண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வழி தோன்றியது. அடுக்களை வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"இந்தா பாரு, அந்தக் கம்பெனிக்காரன் கரண்ட் நம்ம வண்டிக்கு ஒத்துக்கல போலருக்கு."

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் தோணுச்சு" என்றாள். "வண்டி ஒரு வாரமா சோந்து போய்த்தான் நிக்கு."

"பழக்கப்பட்ட கரண்ட் போட்டாத்தான் சரியாகும்."

"ஆமாமா. நாளைக்கே போயிருவம். பத்து மணிக்கு டான்னு கெளம்பணும், பொறவு நேரம் சரியில்ல." சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவள் அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பினோம். சட்டி நிறையக் கோழிக் குழம்பு, வண்டி முழுக்க மணம். ராஜபாளையம் தாண்டி ஆறு கிலோமீட்டர் போயிருப்போம், ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. எதிரே ஒரு கார் வருகிறது. அந்த டிரங்குப் பெட்டியை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் காண்பேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள் மனைவி. நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் அதுவும் நின்றது. கதவைத் திறந்து மதினி இறங்கினாள், அவள் கையிலும் ஒரு தூக்குச்சட்டி. முட்டுவலிக்காரி ரோட்டைக் குறுக்கே கடந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். என் மனைவியும் இறங்கி ஓடினாள். இரண்டு பேரும் புளியமர நிழலில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இனி நாங்கள் இரண்டு பேரும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது ஆம்பிளைக்கு அழகில்லை. இறங்கினோம்.

கொஞ்ச நேரம் அவர் என் டயரைப் பார்த்தார், நான் அவர் டயரைப் பார்த்தேன். கடைசியில் அவர்தான் கேட்டார்:

"எங்க, சார்ஜ் போடவா?"

"ஆமா."

"ஒங்க ஊர்லயே போடலாமே. எல்லாத்துக்கும் தொறந்து விட்டுட்டாம்லா."

"போட்டுப் பாத்தேன் சகல. அந்தக் கரண்ட் வண்டிக்கு ஒத்துக்கல." சொல்லும்போதே காது சூடாயிற்று. "நீங்க எங்க இம்புட்டு தூரம்?"

அவர் மீசையைத் தடவினார். பட்டாளத்து முகம், அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் காது நன்றாகச் சிவந்திருந்தது.

"நம்ம வண்டிக்கும் அதே கம்ப்ளைண்டுதான்" என்றார்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ் வந்து நின்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் அக்காவும் தங்கையும் ஏறிவிட்டார்கள், இரண்டு தூக்குச்சட்டிகளோடும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு என் மனைவி தலையை நீட்டினாள்.

"நாங்க அக்கா வீட்டுக்குப் போறோம்" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிடுத கரண்டா பாத்துப் போட்டுட்டு மெதுவா வாங்க."

கண்டக்டர் விசில் அடித்தார். ஏழு மாதமாக அவள் ஏறாத பஸ் எங்கள் கண் முன்னால் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. என்னுடைய ஒரு வாய்ப்பேச்சுக்காக, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று போகிற பஸ்ஸை அவள் இத்தனை நாள் விட்டுக்கொடுத்திருக்கிறாள். நானோ பெரிய ஏற்பாடு செய்துகொடுத்தவன் மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"டான்னு பத்து மணிக்குக் கெளம்பணும்னு சொன்னாளா ஒங்க வீட்டுல?" என்று கேட்டார் சகலை.

"சொன்னா."

"எங்க வீட்டுலயும் பத்து மணிதான்." அவர் பஸ் போன திசையையே பார்த்தார். "பாகிஸ்தான் பார்டர்லகூட எவனும் என்னைய இப்படி மடக்குனதில்ல."

காதுகுத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் ஒன்றாகச் சிரித்தோம். அவர் தன் காரைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டிப் பூட்டினார். பிறகு வந்து என் காரின் முன்கதவைத் திறந்தார்.

"எடுங்க சகல, மிக்ஸி எப்படி ஓடுதுன்னு பாப்பம்."

நன்றாகத்தான் ஓடியது. பால்கோவா கடையையும் அதற்கு எதிரே இருந்த ஸ்டேஷனையும் தாண்டிப் போனோம். இரண்டு பேருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினேன். படிக்குக் கீழே கால் தானாக நின்றது. உள்ளே சாப்பாடு ஆரம்பமாகி, சிரிப்புச் சத்தம் வாசல் வரை வந்தது. கோழிக் குழம்பின் மணமும் வந்தது, குறைந்துகொண்டே இருக்கிற மணம்.

சகலை படியேறி உள்ளே போய்விட்டார். என் மனைவி கையில் எலும்போடு எட்டிப் பார்த்தாள். நான் நிற்பதைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"ஏங்க, என்ன நின்னுட்டீக?" என்றாள். "சார்ஜ் தீந்துபோச்சா?"

படியேறி உள்ளே போனேன். குழம்புச் சட்டியில் எனக்கு மிச்சமிருந்தது கோழிக் கழுத்து ஒன்றுதான்.